குதிரைமசால் விதைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

பக்கத்துத் தோட்டத்தார், தேன்பெட்டி கொண்டுவந்தவர், கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடியை எடுத்த அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

குதிரைமசால் என்ற தீவனப்பயிரில் புது ரகம் எடுப்பது நெல்லில் எடுப்பது போல அல்ல. தன் மகரந்தத்திலேயே காய்த்தால் அடுத்த தலைமுறை நோஞ்சானாகிவிடும். அதனால் தேர்ந்த செடிகளின் தண்டை வெட்டி நட்டு, ஒவ்வொன்றுக்கும் மற்றவை எல்லாம் அண்டைச் செடியாக வரும்படி இடம் மாற்றி வைத்து, தமக்குள் கலக்க விடுகிறோம். வெளி மகரந்தம் புகுந்தால் எல்லாம் பாழ். ஆதார விதைக்கு, அதாவது சான்று விதையைப் பெருக்க உதவும் மூலவிதைக்கு, மற்ற மசால் வயல்களிலிருந்து 400 மீட்டர் விலக்கம் வேண்டும். அந்த எல்லைக்குள் மசால் வைத்திருந்தவர்கள் மொட்டு கட்டியதுமே அறுத்து மாட்டுக்குப் போட்டீர்கள். பூக்கும் வரை விட்டிருந்தால் எடை கூடியிருக்கும். அந்த நட்டத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு முதல் நன்றி.

அடுத்தது தேன்பெட்டிக்காரருக்கு. மசால் பூவின் அடியிதழுக்குள் சூலகமும் மகரந்தத்தாள்களும் வில் போல இறுகி அடைபட்டிருக்கும். பூச்சி உட்கார்ந்து அழுத்தினால் படக்கென்று தெறித்து அதன் தலையிலேயே அடிக்கும். தெறிக்காத பூ பெரும்பாலும் காய்க்காமல் உதிரும். ஓரிரு முறை அடிபட்ட தேனீ, பக்கவாட்டில் நாக்கை நுழைத்துத் தேனை மட்டும் திருடக் கற்றுக்கொள்ளும், கெட்டிக்காரி! பழகாத இளந்தேனீதான் நமக்குத் தோது. பூ நிறைந்த பிறகு பெட்டியை இறக்கியது அதனால்தான் பலித்தது. இலைவெட்டித் தேனீக்கு அந்தத் திருட்டுப் புத்தி கிடையாது, பூவைத் தெறிக்கவைத்தே தேன் எடுக்கும். அது குடியிருக்கும் வேலியோரத்துக் காய்ந்த தண்டுகளைக் கொளுத்தாமல் விட்டவர்களுக்கும் ஒரு கும்பிடு.

அக்காமார் செய்ததுதான் கடினமான வேலை. கஸ்குட்டா விதை மசால் விதையின் அளவே இருப்பதால் சல்லடையில் முழுதாகப் பிரியாது. வயலிலேயே ஒழிக்க வேண்டும். கொடியை மட்டும் உருவினால் அறுந்த துண்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். நீங்கள் படர்ந்த செடியோடு, சுற்றிலும் ஒரு முழம் சேர்த்து அறுத்து, வரப்புக்கு வெளியே எரித்தீர்கள். சுருள்காய் மூன்றில் இரண்டு பங்கு பழுத்ததும், பனி ஈரம் காயுமுன் அறுத்துக் கொடுத்ததும் நீங்களே. வெயில் ஏறியிருந்தால் பாதி விதை மண்ணில் கொட்டியிருக்கும்.

விதை கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: எக்டேருக்கு 20 கிலோ, 25 செ.மீ. இடைவெளியில் வரிசை விதைப்பு. வேர்முடிச்சு கட்டும் நுண்ணுயிரான ரைசோபியத்தில் மசாலுக்கென்றே உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தட்டைப்பயறுக்கானது இதில் வேர்முடிச்சு கட்டாது. முதல் அறுப்பு 75 நாளுக்குப் பிறகே. அவசரப்பட்டு அறுத்தால் வேர் இறங்காமல் செடி சொத்தையாகும்.

தீவனப்பயிர் விதைக் குழுவினர்