கிரேக்கத் தீவுப் படகுப் பயணம்: தேதி குறிப்பது காற்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கிரேக்கத் தீவுகள் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பலர் ஆகஸ்டுக்கு டிக்கெட் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சாந்திக் கல்யாணம் முடிந்த கையோடு பெற்றோரை ஐரோப்பா அனுப்பிவைக்க நினைக்கும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. படங்கள் அருமை. ஆனால் மீலோஸ் தீவின் கடற்குகைகளைப் படகில் பார்க்க ஆகஸ்டே சிறந்த மாதம், அதற்கு ஒரு நாள் போதும் என்ற இரண்டு வரிகளை நம்பிப் போனால், படகு ஏறாமலே திரும்ப நேரலாம்.

காரணம் காற்று. ஜூலை, ஆகஸ்டில் மீலோஸ் இருக்கும் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். பால்கன் பகுதியின் உயர் அழுத்தத்துக்கும் துருக்கி மீது நிற்கும் தாழ்வழுத்தத்துக்கும் நடுவே அது பாய்கிறது. அந்தத் தாழ்வழுத்தம், நம் தென்மேற்குப் பருவமழையை இழுக்கும் வடமேற்கு இந்தியத் தாழ்வழுத்தத்தின் மேற்கு வால்தான். தொண்டிக் கடலில் வாடை வந்தால் கூடவே மேகமும் மழையும் இருக்கும். அங்கே அந்த வாடை கொளுத்தும் வெயிலில், பொட்டு மேகம் இல்லாத வானத்தில் அடிக்கும். வானத்தைப் பார்த்து நல்ல நாள் என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். காற்றின் வலுவைச் சொல்லும் போஃபர்ட் அளவில் 5, 6 என்பது சாதாரணம். 7, 8 கூட வரும். 6 என்றாலே மணிக்கு 39 முதல் 49 கி.மீ. வேகம், சிறு படகுக்கு ஆகாது. பிடித்தால் சில நாள் தொடர்ந்து அடிக்கும். 8ஐத் தொட்டால் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய பயணிகள் கப்பல்களையே நிறுத்திவைப்பார்கள். இரட்டை உடல் கொண்ட அதிவேகப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும்.

மீலோஸ் குதிரை லாட வடிவத் தீவு. நடுவே பெரிய வளைகுடா, அதனுள்ளே அதாமாஸ் துறைமுகம். எல்லோரும் தேடிப் போகும் கிளெஃப்டிகோவின் வெள்ளைப் பாறை வளைவுகளும் சிகியா குகையும் தென்மேற்குக் கரையில் இருக்கின்றன. தீவின் மேற்குப் பாதியில் சுமார் 750 மீட்டர் உயரத்துக்கு மலை நிற்பதால், வாடை அடிக்கும்போது அந்தக் கரை மறைவாக இருக்கும். போய்ச் சேரும் வழிதான் சிக்கல். வளைகுடாவின் வாய் வடமேற்கைப் பார்த்தது. அதைக் கடந்து வானி முனையைச் சுற்றும் வரை அலை நேராக வந்து மோதும். ஆகவே முன்பதிவு செய்யும்போது 'வடகாற்று பலமாக இருந்தால் தெற்குக் கரையிலிருந்து படகு எடுப்பீர்களா?' என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தென்காற்று அடித்தால் எல்லாம் தலைகீழ். கிளெஃப்டிகோவை மறந்துவிட்டு, வடகரையில் சரகினிகோவையும், அறுகோணத் தூண்களாக எழுந்து நிற்கும் கிளாரோனிசியா பாறைத் தீவுகளையும் பார்க்கலாம். அவை இரண்டாந்தரக் காட்சிகள் அல்ல.

சிகியா குகையின் கூரை இடிந்து விழுந்து மேலே பெரிய திறப்பு இருக்கிறது. வெயில் அதன் வழியே நேராக இறங்கும் நேரத்தில் போனால்தான் உள்ளே தண்ணீர் ஒளிரும். பலர் 12 மணிக்குப் போய் நிற்பார்கள். கிரேக்கத்தின் கோடைக்கால நேரக் கணக்கில் மீலோஸில் சூரியன் உச்சிக்கு வருவது 1.25 மணி வாக்கில். ஜூன் கடைசியில் உச்சிச் சூரியன் சுமார் 77 டிகிரி உயரத்தில் நிற்கும். செப்டம்பர் கடைசியில் 53 டிகிரிதான், வெளிச்சம் சாய்ந்து சுவரில் விழும். படம் எடுக்கவே போகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்கலாம்.

'படகை நாமே ஓட்டலாம்' என்று கட்டுரை சொல்வது சட்டப்படி சரி. 18 வயது முடிந்தவருக்கு, 30 குதிரைத்திறன் வரையிலான எஞ்சின் உள்ள படகை உரிமம் இல்லாமலே வாடகைக்குத் தருவார்கள். எரிபொருள் பெரும்பாலும் தனிக் கணக்கு. எஞ்சின் விசிறி பாறையில் பட்டு உடைந்தால் காப்பீடு பொதுவாக ஏற்காது, முன்பணத்தில் கழிப்பார்கள். கிளம்பும்போது எஞ்சினை அணைக்கும் சுருள்கயிற்றை ஓட்டுபவர் கையிலோ காலிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அதுதான். மெல்டெமி பிற்பகலில் வலுப்பது வழக்கம் என்பதால், காலையில் கிளம்பி மதியத்துக்கு மேல் அரைமணி, ஒரு மணியில் கரை திரும்பும்படி திட்டமிடுவது நல்லது. நங்கூரத்தை வீசி எறியக் கூடாது. படகின் முன்பக்கத்திலிருந்து மெல்ல இறக்கி, ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும்: 4 மீட்டர் ஆழத்துக்கு 20 மீட்டர். பிறகு மெதுவாகப் பின்னோக்கி இழுத்து, பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கயிறு குறைந்தால் நங்கூரம் நிமிர்ந்து மணலைக் கிளறிக்கொண்டே வரும், எல்லோரும் நீந்திக்கொண்டிருக்கும்போது படகு பாறைக்குப் போய்விடும். நீரில் வெளிறித் தெரிவது மணல், அங்கே போடலாம். கருத்துத் தெரிவது கடற்புல் மேடு. அதைக் கிழித்தால் மீண்டும் வளரப் பல்லாண்டு ஆகும், நங்கூரமும் சரியாகப் பிடிக்காது.

குகைக்குள் நுழைவது தனிக் கலை. ஏஜியனில் ஓதம் சில அங்குலங்கள்தான், அதனால் ஏற்ற இறக்க நேரம் பார்க்க வேண்டியதில்லை. அலையைப் பார்க்க வேண்டும். வாசலுக்கு வெளியே படகை நிறுத்தி ஐந்து நிமிடமாவது கவனியுங்கள். அலைகள் கூட்டமாக வரும். நாலைந்து சிறியவை வந்ததைப் பார்த்துவிட்டு நுழைந்தால், அடுத்து வரும் பெரியது உள்ளே சுவர் குறுகக் குறுக எழும்பிப் படகைக் கூரையில் இடிக்கும். வாசலில் நீர் அரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால் அன்றைக்கு அந்தக் குகை வேண்டாம். கைகளைப் படகின் விளிம்பில் வைக்கக் கூடாது. பாறைக்கும் படகுக்கும் நடுவே விரல் நசுங்குவது சகஜமான விபத்து. மூடிய குகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு நிற்கக் கூடாது, புகை அங்கேயே தேங்கும். யாராவது நீரில் இருந்தால் எஞ்சின் அணைந்தே இருக்க வேண்டும். மீலோஸ் எரிமலைத் தீவு. பல இடங்களில் பாறை என்பது இறுகிய சாம்பல்தான், கையால் உதிரும். செங்குத்துப் பாறையடியில் நிழலுக்காக ஒதுங்குவது தவறு. உள்ளே குட்டி மணல்திட்டு உள்ள இருண்ட குகைகளை விட்டுவிடுங்கள். துறவிக் கடல்நாய் எனப்படும் அரிய சீல் இனம் இலையுதிர் காலத்தில் அங்கேதான் குட்டி போடும். ஆள் நுழைந்தால் தாய் குட்டியைக் கைவிட்டுப் போகக்கூடும்.

ஸாகிந்தோஸ் தீவின் நவாகியோ கடற்கரையில் இறங்கி, 1980இல் தரைதட்டிய கப்பலோடு படம் எடுக்கலாம் என்ற குறிப்பும் பழையது. அங்கே 2018இல் பாறை சரிந்து சிலர் காயமடைந்தனர், 2022இல் மறுபடி சரிந்தது. அதன்பின் கரையிறங்கத் தடை. தள்ளி நின்று பார்க்கலாம், அவ்வளவே. அதே தீவின் ஸ்கினாரி முனையில் உள்ள நீலக் குகைகளுக்குக் காலை வெயில்தான் நல்லது.

பெரியவர்களோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கிளெஃப்டிகோவில் படகுத்துறை கிடையாது. நீரில் இறங்கினால் ஏணி பிடித்துத்தான் ஏற வேண்டும், முழங்கால் வலியுள்ள ஆச்சிமார் படகிலேயே உட்கார்ந்து பார்ப்பது மேல். சேலையோடு நீரில் இறங்கவே கூடாது, நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும். மே மாதத்தில் கடல் 18, 19 டிகிரிதான், நம் கடற்கரைக்குப் பழகியவருக்கு மூச்சு முட்டும். குமட்டல் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. கந்தரப்பத்தையும் தேன்குழலையும் அறையில் வைத்துவிட்டு, இரண்டு ரொட்டித் துண்டைக் கையில் எடுத்துப் போகலாம். அவசர எண்ணை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நம் ஊரில் ஆம்புலன்ஸுக்கு அழைக்கும் 108தான் அங்கே கடலோரக் காவல்படைக்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை, பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மே பிற்பாதி, மற்றவர்களுக்கு ஜூன் முற்பாதி அல்லது செப்டம்பர் என்பது எங்கள் கருத்து. எந்த மாதமானாலும் படகைத் தீவில் தங்கும் முதல் முழு நாளுக்கே பதிவு செய்து, அடுத்த இரண்டு நாளைக் காலியாக விட வேண்டும். காற்றால் ரத்தானால் நடத்துவோர் வேறு தேதி தருவார்கள். கடைசி நாளுக்குப் பதிவு செய்தவருக்கு அந்த வேறு தேதி இருக்காது. விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருந்தாக வேண்டும். இந்த உபரி நாள்களை விசா விண்ணப்பத்தில் காட்டும் தங்குமிடப் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள். கிரேக்கம் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவில் எத்தனை நாள் தங்கலாம் என்பதைப் பெரும்பாலும் அந்தப் பயணத் திட்டத்தை வைத்தே எழுதுகிறார்கள், அங்கே போனபின் கூட்டுவது எளிதல்ல. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
வெளிநாட்டுப் பயண ஏற்பாட்டாளர்கள் சிலர்,
காரைக்குடி.