நெடுந்தீவுக்கு ஆசிரியர்கள் தங்கும் வீடு வேண்டும்

வட மாகாணக் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

யாழ்ப்பாண மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் தீவகமும் ஒன்று. வேலணைக்குப் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போய்விடலாம். புங்குடுதீவுக்கும் அப்படித்தான். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவுக்குக் கடல்தான் வழி. அதிலும் நெடுந்தீவுதான் தூரம். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான் வரை வந்து, அங்கிருந்து படகில் இன்னும் ஒரு மணித்தியாலம்.

இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1980இலிருந்து பாடநூல், 1993இலிருந்து சீருடைத் துணி. இவை எங்கள் தீவுக்கும் வருகின்றன, அதற்கு நன்றி. ஆனால் புத்தகத்தை ஒருமுறை கொண்டுவந்து இறக்கினால் போதும். ஆசிரியர் வகுப்பில் நாள்தோறும் நிற்க வேண்டும்.

சோளகக் காற்று எழுந்த காலத்தில் இறங்குதுறையில் பார்த்திருக்கிறேன். சேலையை ஒரு கையால் பிடித்து, மற்றக் கையில் பையுடன், ஆடும் படகிலிருந்து நனைந்தபடி இறங்குவார் ஒரு ரீச்சர். அதே கோலத்தில் நேரே வகுப்புக்குத்தான் போவார். பாவம், இந்த ஆசிரியர்கள்மேல் எனக்குக் குறையே இல்லை. பிள்ளைகள் படகின் சத்தத்தை வைத்தே இன்றைக்குக் கணக்குப் பாடம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். படகு பிந்தினால் முதற் பாடவேளை போய்விடும். திரும்பும் படகைப் பிடிக்க வேண்டுமென்றால் கடைசிப் பாடவேளையும் சந்தேகம்தான். கடல் கொந்தளித்தால் முழு நாளுமே இல்லை.

இப்படிப் படித்துத்தான் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில், நகரத்துப் பிள்ளை எழுதும் அதே வினாத்தாளை எங்கள் பிள்ளையும் எழுதுகிறது. அப்புறம் உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க ஆசைப்பட்டால், வசதியுள்ள வீட்டார் பிள்ளையை யாழ்ப்பாணத்தில் விடுதியில் சேர்க்கிறார்கள். மீன்பிடியை நம்பி வாழும் தகப்பன் என்ன செய்வார்? கிடைக்கிற பாடத்தை எடு என்கிறார்.

கஷ்டப் பிரதேசச் சேவை என்று ஆட்களை அனுப்புகிறீர்கள், சரி. அனுப்பினால் மட்டும் போதாது. தண்ணீர், மின்சாரம், பூட்டக்கூடிய கதவு உள்ள ஆசிரியர் விடுதி கட்டித் தாருங்கள். பெண் ஆசிரியர்கள் பயமில்லாமல் தங்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். அப்படியிருந்தால் திங்கள் வந்து வெள்ளி போகப் பலர் சம்மதிப்பார்கள். இடமாற்றங்களையும் பரீட்சை முடிந்த பிறகு கொடுங்கள். வருடத்தின் நடுவில் கணித ஆசிரியர் போய்விட்டால், அடுத்தவர் வரும் வரை அந்த வகுப்பு சும்மாதான் இருக்கும்.

அடுத்த வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரிக்கும்போது முதலில் அந்த விடுதிக்குக் காசு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நெடுந்தீவில் பிள்ளைகளைப் படிக்க விட்டிருக்கும் ஒரு தாய்