கத்தியைப் பிடுங்கும் பாடம் கடைசியில் வரட்டும்

வணிகர் சங்க நிர்வாகிகளுக்கும் தற்காப்புப் பயிற்சி தரும் ஆசான்களுக்கும் வணக்கம்.

ஆயுதத்தோடு கொள்ளையடிக்க வருபவனை எப்படி எதிர்கொள்வது என்று கடைக்காரர்களுக்கு வகுப்பு எடுக்கிறீர்கள். நல்ல காரியம், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் மணிக்கட்டை முறுக்கிக் கத்தியைப் பிடுங்குவதையே முதல் பாடமாக வைத்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பயிற்சியில் இருப்பது ரப்பர் கத்தி. தரை விசாலமானது, எதிராளி எப்போது பாய்வான் என்பதும் தெரியும். கடையில் கவுண்டருக்கும் பின்னால் உள்ள ரேக்குக்கும் நடுவே திரும்பினாலே முழங்கை இடிக்கும். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-இல் ஒரு கணக்கை எழுதினார்: கத்தி வைத்திருப்பவன் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் ஓடிக் கடந்துவிடுவான். பழகிய போலீஸ்காரர் உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடவே அவ்வளவு நேரம் ஆகிவிடும். கவுண்டரின் அகலமோ ஒரு கை நீளம்தான். கல்லாவுக்கு அடியில் இரும்புக் கம்பி வைத்துக்கொண்டு தைரியமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

முதல் பாடம் பணத்தைக் கொடுப்பது. சிரிக்காதீர்கள், அதையும் பழகத்தான் வேண்டும். இரண்டு கையும் தெரிய வேண்டும். அசைவதற்கு முன்பே, “பணம் கீழ் டிராயரில் இருக்கிறது, வலது கையால் திறக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். உள்ளறையில் யாராவது இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். திடீரென்று ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்தால், பதற்றத்தில் இருப்பவன் கை தானாக ஓங்கும். அவன் போனதும் துரத்தக் கூடாது. கதவைப் பூட்டிவிட்டு போலீசுக்குப் போன் செய்ய வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தும் சிலர் கல்லாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஏன் தெரியுமா? இரவில் கல்லாவில் நிற்பவர் பெரும்பாலும் முதலாளி இல்லை, சம்பளத்துக்கு வேலை செய்பவர். போன பணத்தை மாதக் கடைசியில் தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை எந்தக் கராத்தே பிடியும் போக்காது. கொள்ளை போன பணத்துக்கு ஊழியர் பொறுப்பில்லை என்று ஒவ்வொரு முதலாளியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். சங்கம் இதை உறுப்பினர் விதியாகவே கொண்டுவரலாம். என்னைக் கேட்டால், நீங்கள் நடத்தும் பயிற்சி மொத்தத்தையும்விட இந்த ஒரு தாள் பெரிய தற்காப்பு.

சரி, அடிதடிப் பாடமே வேண்டாமா? வேண்டும். பணம் வாங்கிய பிறகும் ஒருவன் குத்த ஆரம்பித்தால், அல்லது பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்த்தால், கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. அந்த நேரத்துக்கு வேண்டியது பிடியை உதறுவது, நாற்காலியையோ தட்டையோ குறுக்கே தள்ளுவது, கத்துவது, வெளியே ஓடுவது. கவுண்டரிலிருந்து வெளியே ஓட வழி இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தன் கடையில் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

வேறொரு ஆசானையும் கேட்கலாம்: கொள்ளையடித்தவனை. அமெரிக்காவில் 1970-களில் செவன்-இலெவன் கடைகளை வைத்து நடந்த ஆய்வில் முன்னாள் கொள்ளையர்களிடமே யோசனை கேட்டார்கள். அதன்படி கல்லாவில் பணத்தைக் குறைத்தார்கள், ஜன்னலை அடைத்த விளம்பரங்களை எடுத்தார்கள், வெளிச்சத்தைக் கூட்டினார்கள். கொள்ளைகள் குறைந்தன. யாரும் யாரையும் அடிக்கவில்லை.

அப்புறம், சாட்சி சொல்லவும் பழக்குங்கள். ஆயுதத்தைக் கண்டால் கண் அதிலேயே நின்றுவிடும், முகம் மனதில் பதியாது. நினைவாற்றலை ஆராயும் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் குழுவின் 1987 ஆய்வு இதைக் காட்டியது. வாசல் சட்டத்தில் உயர அளவு ஒட்டியிருந்தால், வெளியே போகிறவன் எவ்வளவு உயரம் என்றாவது தெரியும். பார்த்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியாக எழுதி வைப்பது நல்லது.

அடுத்த வகுப்பை மண்டபத்தில் வைக்காமல் ஒரு கடைக்குள்ளேயே, இரவு ஷட்டர் பாதி இறங்கும் நேரத்தில் வையுங்கள். அந்த நேரத்தில் வேலையில் இருப்பவர்களைத்தான் கூப்பிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளத்தையும் முதலாளிகள் கொடுத்துவிடட்டும்.

இப்படிக்கு,
கல்லாவில் நிற்கும் ஒருவர்