மண்டபத்தைக் கொடுக்கும் முன் உரிம எண்ணைத் தேடிப் பாருங்கள்: டர்பன் கோவில் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோவில் குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், இஸிப்பிங்கோ என்று இந்தப் பக்கம் கோவில் நடத்துகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். போன ஆடியில் கூழ் ஊற்றி முடிந்த கையோடு எங்கள் கோவில் மண்டபத்தில் ஒரு முதலீட்டுக் கூட்டம் நடந்தது. டை கட்டிய ஒரு பையன், பெரிய திரை, ஏறிக்கொண்டே போகிற பச்சைக் கோடு. முன்வரிசையில் என் அத்தான். முப்பது வருடம் ஆலையில் வேலை பார்த்து வாங்கிய ஓய்வுப் பணத்தில் பாதியை அடுத்த வாரமே அந்தப் பையன் காட்டிய முதலீட்டு ஆப்பில் போட்டுவிட்டார். ஏன் என்று அக்கா கேட்டதற்கு, "கமிட்டி சும்மாவா இடம் கொடுத்திருப்பாங்க?" என்றாராம். அவர் நம்பியது அந்தப் பையனை அல்ல, உங்களை.

முதலில் அத்தான் 2,000 ராண்டைத் திரும்ப எடுக்கக் கேட்டார், மறுநாளே வந்தது. அது தூண்டில் புழு. பெரிய தொகையைக் கேட்டதும், 'முதலில் 20% வரி கட்டுங்கள், பிறகு விடுவிக்கிறோம்' என்றார்கள். வரி என்பது தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையான சார்ஸுக்குக் கட்டுவது, புரோக்கருக்கு அல்ல. அத்தான் அதையும் கட்டினார், அதோடு ஆப் திறக்கவில்லை. இப்போது யாரோ போன் செய்து, கொஞ்சம் கட்டணம் கொடுத்தால் போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்கிறார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நடக்கிற இரண்டாவது ஏமாற்று அது.

வேடிக்கை என்னவென்றால், அன்று திரையின் கீழே ஓர் எஃப்எஸ்பி எண் (நிதிச் சேவை உரிம எண்) இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு, நம் நாட்டு நிதிச் சேவைகளைக் கண்காணிக்கிற எஃப்எஸ்சிஏவின் தளத்தில் அதைத் தேடினேன். சம்பந்தமே இல்லாத ஒரு காப்பீட்டு முகவரின் பெயர் வந்தது. இரண்டு நிமிட வேலை, எங்களில் ஒருவரும் செய்யவில்லை (நானும்தான், அன்று நான் கூழ்ப் பானை கழுவிக்கொண்டிருந்தேன்). எண் இருந்தால் மட்டும் போதாது, பெயர் பொருந்த வேண்டும், உரிமம் நடப்பில் இருக்க வேண்டும், அது எந்தச் சேவைக்கு என்றும் பார்க்க வேண்டும். ஆலோசனைக்கும் இடைத்தரகுக்கும் எஃப்எஸ்பி உரிமம் சரி, ஆனால் சிஎஃப்டி (பொருளை வாங்காமல் அதன் விலை ஏற்ற இறக்கத்தின் மேல் மட்டும் போடுகிற ஒப்பந்தம்) மாதிரியானவற்றைத் தானே எதிர்த்தரப்பாக நின்று விற்கிற கம்பெனிக்கு ஓடிபி (ODP, போனில் வருகிற ஓடிபி அல்ல) என்று தனி உரிமம் உண்டு. 'செயின்ட் வின்சென்டில் பதிவு செய்தது' என்பார்கள், அந்தக் கரீபியன் தீவின் நிதி ஆணையமே ஃபாரெக்ஸுக்கு (வெளிநாட்டு நாணய வியாபாரத்துக்கு) உரிமம் தருவதில்லை என்று சொல்லியிருக்கிறது. கம்பெனிப் பதிவு வேறு, உரிமம் வேறு. பணத்தைத் தனியார் ஒருவரின் வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் அதற்கு மேல் எதையும் தேடவே வேண்டாம்.

படித்தவர்கள் மாட்ட மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டெல்லன்போஷின் மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் மாதம் 10% வரை லாபம் என்று சொல்லி ஆள் சேர்த்தது. அந்த 10%ஐக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு லட்சம் ராண்ட் ஒரே வருடத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டும், எந்த வியாபாரத்தில் நடக்கும் இது? 2020 ஆகஸ்டில் எஃப்எஸ்சிஏ வெளிப்படையாக எச்சரித்த பிறகும் ஆட்கள் சேர்ந்துகொண்டுதான் இருந்தார்கள், டிசம்பரில் அதன் தலைவர் பிரேசிலுக்கு ஓடினார். முன்பேர வியாபாரத்தைக் கண்காணிக்கிற அமெரிக்க ஆணையமான சிஎஃப்டிசியின் கணக்குப்படி, மக்களிடம் அது வாங்கிய பிட்காயின் (இணைய நாணயம்) குறைந்தது 29,421.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். யாராவது மண்டபம் கேட்டால் அவர்களுடைய உரிம எண்ணை வாங்கி, 0800 20 37 22 என்ற எஃப்எஸ்சிஏ இலவச எண்ணில் நீங்களே கேளுங்கள். அவர்கள் கொடுக்கிற போன் எண்ணில் கேட்காதீர்கள். என்னைக் கேட்டால் உரிமம் உள்ளவருக்கும் மண்டபம் தரக்கூடாது, அது குழுவில் பேசி முடிவு செய்ய வேண்டியது. கோவில் வாட்ஸப் குழுவில் வருகிற லாப ஸ்கிரீன்ஷாட்டுகளை அட்மின் உடனே நீக்கட்டும், போட்டது யார் மருமகனாக இருந்தாலும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். போனில் எப்படித் தேடுவது என்று காட்டுகிறேன். அத்தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் கூழ்ப் பானை கழுவுகிறவள்