பழைய படமும் பென்சில் கையெழுத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கறுப்பு வெள்ளைப் படங்களைச் சேகரிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, புகைப்படக் கலைஞரின் கையெழுத்து இருந்தாலே அது ‘விண்டேஜ்’ பிரிண்ட் என்கிறது. படம் எடுத்த சில ஆண்டுகளுக்குள் கலைஞரோ, அவர் மேற்பார்வையில் வேறொருவரோ போட்ட பிரிண்டுக்குத்தான் அந்தப் பெயர். கையெழுத்து பிறகு எப்போது வேண்டுமானாலும் விழலாம்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் எடுத்த நிலவுப் படத்தை, அதே நெகட்டிவிலிருந்து 1970-களிலும் போட்டுக்கொண்டிருந்தார். நடுவே 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் அடர்த்தியாக்கினார். முதல் பிரிண்டுகளில் வானம் சாம்பல், மேகக் கீற்றுகள் தெரியும். பின்னால் வந்தவற்றில் வானம் ஏறக்குறைய கறுப்பு. கையெழுத்து உண்மை, படமும் அவருடையதே, ஆனால் எல்லாமே விண்டேஜ் அல்ல.

காலத்தைக் காகிதம்தான் காட்டிக்கொடுக்கும். 1950-களிலிருந்து போட்டோ காகிதங்களில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். இருட்டறையில் புற ஊதா டார்ச்சைப் படத்தின் வெள்ளை ஓரத்திலும் பின்பக்கத்திலும் அடித்தால், அந்த ரசாயனம் உள்ள காகிதம் நீலவெள்ளையாக ஒளிரும். 1940-ல் இறந்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் காலத்தவை என்று விற்கப்பட்ட பல பிரிண்டுகள் 1990-களில் மாட்டிக்கொண்டது இதனால்தான். ஆனால் ஒளிராததால் மட்டும் பழையது என்று முடிவுகட்டக் கூடாது: பிற்காலக் காகிதங்கள் எல்லாவற்றிலும் இந்த ரசாயனம் கிடையாது, நீண்ட நேரம் தண்ணீரில் கழுவினாலும் கொஞ்சம் போய்விடும். ஒளிர்வது காகிதமா, ஒட்டிய அட்டையா என்றும் பிரித்துப் பாருங்கள். பின்பக்கம் பிளாஸ்டிக் போல வழுவழுப்பாக இருந்தால் அது பிளாஸ்டிக் பூசிய காகிதம்; 1970-களில் பரவியது.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கரும்பகுதிகளின் ஓரத்தில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரியலாம். காற்றின் மாசும் ஈரமும் பட்டு, படத்தை உருவாக்கும் வெள்ளி உலோகம் மேலே வந்து படிந்தது அது. துடைக்காதீர்கள், படத்தின் வெள்ளியே கையோடு வரும். வெளிச்சப் பகுதிகள் மஞ்சளித்திருந்தால் பெரும்பாலும் கழுவாமல் விட்ட ஹைப்போவின் (படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம்) வேலை, அல்லது பலமிழந்த ஹைப்போவில் போட்டது. புதிய படத்திலும் இது வரும் என்பதால் வயதுக்குச் சான்றாகாது.

இன்னொன்று. பென்சில் கையெழுத்து பெரும்பாலும் படத்தில் இராது, அதை ஒட்டிய அட்டையில் இருக்கும். ஃபிரேமுக்குப் பொருந்தவில்லையென்று அட்டையை வெட்டுவோர் இருக்கிறார்கள், பாவம் செய்தவர்கள்! அட்டை ஒருவருடையது, படம் வேறொருவருடையது என்றும் இருக்கக்கூடும். எனவே இரண்டின் விளிம்பையும் நெருங்கிப் பாருங்கள். வாங்கும் முன் ஃபிரேமிலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த விலை பேச வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்