ஆவியோ பனியோ

அன்புள்ள கயலுக்கு,

இங்கு நாங்கள் நலம். இரவில் நேரத்துக்குச் சாப்பிடு.

மணிமேகலையின் 29ஆம் காதையை, பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்கு அளவை நூல், அதாவது தருக்கம், சொல்லும் இடத்தை, நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். 'இம்மலை நெருப்புடைத்து' என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று; 'புகையுடைத்து ஆதலால்' என்பது ஏது, அதாவது காரணம்; அடுக்களை திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு என்று நான் பாடம் நடத்த, குக்கரைக் காட்டி "அது வெறும் ஆவிதானே அப்பா, அதை வைத்து எப்படிச் சொல்வீர்கள்?" என்று ஆறாம் வகுப்பிலேயே கேட்டவள் நீ. ஏதுபோல் தோன்றும் பிழைக் காரணங்களான மூன்று ஏதுப்போலிகளில் முதலாவதான அசித்தத்தில், அதாவது உறுதிப்படாத ஏதுவில், அடிகளும் அதைத்தான் வைக்கிறார்: ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராதபோதே புகையென்று கொண்டு, நெருப்பு உண்டு எனத் துணிவது. வகுப்பில் வேறு எந்தப் பிள்ளையும் அப்படிக் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கைப்பேசியை வைத்தது சரியா? நாற்பத்தொரு நாளாயிற்று. இரவில் வெறும் ரொட்டியோடு படுத்துவிடாதே.

இரண்டு முறை நீ அழைப்பை எடுக்கவில்லை, ஒரு படத்தில் உன் பக்கத்தில் யாரோ நின்றிருந்தார்கள். இவ்வளவுதான் என் கையில் இருந்த புகை. அதோடு விட்டேனா? பெரியத்தை மகளுக்கு நேர்ந்தது உனக்கும் நேரும் என்றேன். அடுக்களை நிற்க வேண்டிய இடத்தில் அந்தப் பாவப்பட்டவளை நிறுத்திய அது திட்டாந்தப் போலியன்றி, பொருந்தாத எடுத்துக்காட்டன்றி, வேறில்லை. ஊர் என்ன சொல்லும் என்றேன். முப்பத்திரண்டு ஆண்டு பிள்ளைகளைப் பார்த்தவனுக்குத் தெரியாதா என்றேன். மாணவன் எவனாவது அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

உன்னால் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் 180-ஐத் தொட்டுவிட்டது என்று கடைசியாகச் சொன்னேனே, அதற்குத்தான் நீ அழுதாய். அன்று யாரும் அவளுக்கு அழுத்தம் பார்க்கவே இல்லை, கயல். அவள் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொன்னது காதில் விழுந்ததும், உருவிய காம்பைக் கையில் பிடித்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கீரையை உள்ளே எடுத்துப் போனவள், இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. போலிகளின் வரிசையில் அதற்கு இடம் தேடிப் பார்த்தேன். அது பொய், வேறு பெயர் இல்லை.

சனிக்கிழமை மாலை கைப்பேசி அம்மா கையில் இருக்கும், நான் வாங்க மாட்டேன். அவளிடமாவது பேசு. இரவில் நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா