உறைபனிக்கு முன் சுவர் ஈரத்தைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி இறங்கிய பிறகுதான் வீட்டுப் பராமரிப்பு பற்றிய எச்சரிக்கைகள் நாளிதழ்களில் வருகின்றன. அதற்குள் வெளிவேலைக்கான காலம் முடிந்துவிடுகிறது. சிமென்ட், சாந்து, பெரும்பாலான விரிசல் பசைகள் எல்லாம் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஒழுங்காகப் பிடிக்காது. ஆகவே இந்தக் குறிப்புகளை இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே வெளியிட வேண்டும் என்பது என் கோரிக்கை. அவற்றில் என்னென்ன இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீர் உறையும்போது அதன் கொள்ளளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. செங்கல், சாந்து, கான்கிரீட் மூன்றிலும் நுண்துளைகள் உண்டு. துளைகளில் பத்தில் ஒரு பங்காவது காற்று இருந்தால் பனிக்கட்டி அந்த இடத்துக்குள் பெருத்துக்கொள்ளும். கிட்டத்தட்ட முழுக்க ஊறியிருந்தால் இடம் போதாமல் உள்ளிருந்து பிளக்கும். உலர்ந்த சுவரைக் குளிர் மட்டும் ஒன்றும் செய்துவிடாது. வாரக்கணக்கில் உறைந்தே கிடக்கும் சுவரைவிடப் பகலில் உருகி இரவில் மறுபடி உறையும் சுவருக்குத்தான் சேதம் அதிகம். உருகும் ஒவ்வொரு முறையும் நீர் விரிசலுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கும். அடுத்த உறைவில் விரிசல் இன்னும் கொஞ்சம் அகலும். கடுங்குளிரைவிட பூஜ்ஜியத்தைச் சுற்றி ஏறி இறங்கும் நாட்களுக்கே அஞ்ச வேண்டும்.

எந்த இடம் ஊறுகிறது என்று பார்க்க, மழை விட்டு இரண்டு நாள் கழித்து வீட்டைச் சுற்றி வந்தால் போதும். மற்ற பகுதி காய்ந்திருக்க, ஒரு திட்டு மட்டும் கருத்தே கிடக்கும். அல்லது வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், பாசி படிந்திருக்கும். அங்கேயே நின்று அண்ணாந்து பார்த்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும்: இலை அடைத்து வழியும் கூரை ஓரத்துப் பீலி (மழைநீர் ஓடும் கால்வாய்), விட்டுப்போன குழாய் இணைப்பு, ஜன்னலின் அடிப்பலகையிலிருந்து நேரே சுவரில் வடியும் நீர். முதலில் இதைச் சரிசெய்யுங்கள். சுவரில் கைவைப்பதெல்லாம் பிறகு.

செங்கல் வரிசைகளுக்கு இடையிலுள்ள சாந்தை ஒரு சாவியால் கீறிப் பாருங்கள். மணலாகக் கொட்டினால் பாயிண்டிங் செய்தாக வேண்டும். ஏறக்குறைய 2 முதல் 2.5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பழைய சாந்தைச் சுரண்டி, தூசு தட்டி, செங்கல்லை லேசாக நனைத்து, புதுச் சாந்தை அடுக்கடுக்காக அழுத்தி நிரப்ப வேண்டும். மேலாக ஒரு விரல்பூச்சு பூசினால் முதல் குளிர்காலத்திலேயே தகடாக உரிந்து விழும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீட்டுக்குக் கெட்டியான சிமென்ட் கலவை ஆகவே ஆகாது. இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. சுவருக்குள் போன ஈரம் சாந்து வழியே வெளியேற முடியாமல் செங்கல் வழியே வெளியேறப் பார்க்கும், அங்கேயே உறையும், செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருந்தால் கெடுவது சாந்தாக இருக்கும், அதை மறுபடி பூசிக்கொள்ளலாம்.

ஈரம் புகாமல் தடுக்கிறேன் என்று சுவரில் பிளாஸ்டிக் படலம்போன்ற பெயின்ட் அடிப்பதும் இதே வினையைத்தான் கொண்டுவரும். பூச்சு வேண்டுமென்றே நினைத்தால் நீராவியை வெளியே விடும் சிலேன், சிலோக்சேன் வகையைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் விரிசல்களை அடைத்த பின்பு. இந்தப் பூச்சு விரிசலை மூடாது. வெளிப்புறச் செங்கல் சுவரின் அடிவரிசையில் இடைவெளி விட்டு விட்டுச் சிறு துளைகள் தென்பட்டால் அவற்றை அடைத்துவிடாதீர்கள். சுவருக்குப் பின்னால் இறங்கும் நீர் வெளியேறவென்றே விடப்பட்டவை அவை.

சுவரை ஒட்டிய மண் வீட்டைவிட்டு விலகிச் சரிய வேண்டும். முதல் 3 மீட்டருக்குள் 15 சென்டிமீட்டர் சரிவு நல்ல அளவு. பீலியிலிருந்து இறங்கும் குழாயின் வாய் அஸ்திவாரத்திலிருந்து 2 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். உறையும்போது வண்டல் மண் கீழிருந்து நீரை இழுத்துப் படலம் படலமாகப் பனிக்கட்டியாக்கி மேலே பொங்கும். உறைமட்டத்துக்கு, அதாவது குளிரில் மண் உறையும் ஆழத்துக்கு, கீழே ஊன்றாத படிக்கட்டும் வராந்தாத் தூணும் ஆண்டுக்கு ஆண்டு தூக்கிக்கொள்வது இதனால்தான்.

கூரை விளிம்பில் பனிக்கட்டி அணைபோல் கட்டிக்கொள்வதற்கு மூலகாரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளே இருக்கிறது. அறையின் வெப்பக்காற்று விளக்குத் துளை, பரண் கதவு, குழாய் ஏறும் இடைவெளி வழியாகப் பரணுக்குக் கசிந்து, கூரைமேல் இருக்கும் பனியை உருக்குகிறது. அந்த நீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் உறைகிறது. பின்னால் தேங்கும் நீர் ஓட்டுக்கு அடியில் புகுகிறது. சுத்தியலால் உடைத்தால் ஓடுதான் உடையும். கசிவுகளை அடைத்து, அதன்மேல் இன்சுலேஷனைக் கூட்டி, பரணின் காற்றுவழிகள் மூடாமல் பார்த்துக்கொண்டால் அணை கட்டுவது வெகுவாகக் குறையும்.

இனி தண்ணீர்க் குழாய். பனிக்கட்டி பக்கவாட்டில் நெருக்கிக் குழாயை உடைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்து நீளும்போது, அதற்கும் மூடிய டேப்புக்கும் நடுவே சிக்கிய நீருக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் பன்மடங்கு ஏறி, பலவீனமான இடத்தில் பிளக்கிறது. உறைந்த இடம் ஒன்று, வெடித்த இடம் இன்னொன்று என்று ஆவது இப்படித்தான். கடுங்குளிர் இரவில் டேப்பைச் சன்னமாகச் சொட்டவிடச் சொல்வதும் இந்த அழுத்தம் வெளியேறத்தான். வெந்நீர்க் குழாயையும் சேர்த்தே சொட்டவிடுங்கள், அதுவும் உறையும்.

குழாய்க்குப் போடும் நுரை உறை சூட்டை உண்டாக்காது, போகும் சூட்டைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. வெளிச்சுவருக்குள் ஓடும் குழாயானால் இன்சுலேஷன் குழாய்க்கும் வெளிப்புறத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். குழாய்க்கும் அறைக்கும் நடுவில் திணித்தால் அறைச் சூடு குழாயைச் சேராது. வயர் நுழையும் ஒரு சின்ன ஓட்டை வழியே நேராகப் படும் காற்றும் குழாயை உறையவைக்கப் போதும். அந்த ஓட்டைகளை அடைப்பது மலிவான, பலன் மிகுந்த வேலை.

தோட்டத்து டேப்புக்கு வீட்டுக்குள் தனி வால்வு இருந்தால் அதை மூடி, வெளியே டேப்பைத் திறந்து, வால்வின் பக்கத்திலுள்ள சிறு திருகு மூடியைக் கழற்றி மிச்ச நீரை வடித்துவிடுங்கள். உறையாத வகை என்று விற்கப்படும் நீண்ட தண்டு டேப்பில் நீரை நிறுத்தும் பகுதி சுவருக்குள் 20, 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். மூடியதும் மிச்ச நீர் தானாக வடியும். ஆனால் ஹோஸைக் கழற்றாமல் விட்டால் வடிய வழியிருக்காது. தண்டு சுவருக்குள் பிளந்திருக்கும், குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியாது. வசந்தத்தில் டேப்பைத் திறக்கும்போதுதான் வீட்டுக்குள் வெள்ளம் வரும்.

வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்கள் ஹீட்டரை 13 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம். மெயின் வால்வை மூடி எல்லா டேப்புகளையும் திறந்து வடித்துவிட்டால் இன்னும் நிம்மதி. சுடுநீரால் சூடாகும் வீடு, தீயணைப்புத் தெளிப்பான் உள்ள வீடு என்றால் பிளம்பரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

படிக்கட்டில் உப்புத் தூவும் பழக்கத்தையும் குறைக்கலாம். உப்பு பனியை உருக்கி, கான்கிரீட்டை நனைத்து, மறுபடி உறைய வழிசெய்கிறது. மேற்பரப்பு செதில் செதிலாகப் போகும். புதிதாக வார்த்த படிக்கு முதல் குளிர்காலத்தில் மணல் மட்டும் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் குழாய் உறைந்துவிட்டால், வெளியே தெரியும் நீளம் முழுவதையும் முதலில் பாருங்கள். பிளவோ வீக்கமோ தெரிந்தால் மெயின் வால்வை மூடிவிட்டு பிளம்பரை அழையுங்கள். இல்லையென்றால் டேப்பைத் திறந்துவைத்து, டேப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து உறைந்த இடத்தை நோக்கி ஹேர் டிரையரால் சூடேற்றுங்கள். நடுவில் சூடேற்றினால் உருகிய நீர் இரண்டு பக்கமும் அடைபட்டு அழுத்தம் ஏறும். தீப்பந்தம், கேஸ் அடுப்பு எதுவும் கூடாது. தண்ணீர் வரத் தொடங்கியதும் குழாயைத் துடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். விரிசலை அடைத்திருந்த பனிக்கட்டி கரைந்த பிறகுதான் ஒழுக்கு தெரியவரும்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புத் துறை வாசகர்